அவளுக்குக் கரண்டு, எனக்குக் கட்டம்

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே டாக்டர்தான் கண்ணைப் பார்த்தார். மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் மோவாயை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி, படம் பிடித்து, கடைசியில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னார். இரண்டு பேருக்கும் வயதினால் வருகிற விழித்திரைத் தேய்மானம். கண்ணின் பின்பக்கத்தில் நட்ட நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு ஓர் இடம் இருக்கிறதாம். எழுத்துப் படிப்பதும் முகம் பார்ப்பதும் அந்தப் பொட்டினால்தானாம். அது தேய்ந்துகொண்டு வருகிறதாம். அதுவரைக்கும் நாங்கள் சமம். எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

அதற்கு அப்புறம்தான் ஓரவஞ்சனை தொடங்கியது. அவளைப் பார்த்து, "உங்களுக்கு ஈர வகை" என்றார். அந்தப் பொட்டுக்கு அடியில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றனவாம். இடது கண்ணில் அது கசிந்து, காய்ந்து, தழும்பாகவே ஆகிவிட்டது, அதில் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வலது கண்ணையாவது காப்பாற்ற வேண்டும், கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதாமாதம் வர வேண்டும் என்று நிதானமாக, பிரியமாக, அவள் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு உலர் வகைம்மா. மெதுவாத்தான் போகும். இதுக்கு ஊசி கிடையாது, லேசர் கிடையாது. கீரை சாப்பிடுங்க. மாத்திரை எழுதித் தர்றேன்" என்றார். அவ்வளவுதான். பந்தியில் உட்கார வைத்துவிட்டு எனக்கு மட்டும் இலை போடாமல் போன மாதிரி இருந்தது.

எழுந்திருக்கும்போது ஒரு தாளை நீட்டினார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்த தாள். "தினம் ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு இன்னொரு கண்ணால இந்தப் புள்ளியைப் பாருங்க. உங்க வலது கண்ணு நடுவுல கொஞ்சம் தேய்ஞ்சாச்சு. இடது கண்ணுதான் உங்க சொத்து. உலர் வகை ஈரமா மாறுறது உண்டு. கோடு வளைஞ்சு தெரிஞ்சா அன்னைக்கே கிளம்பி வந்துரணும்." நான் தலையை ஆட்டினேன். அவளுக்கு ஊசி, எனக்குக் கட்டம் போட்ட தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டில் இருக்கிற மாதிரிக் கட்டம்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரு கண் போய்விட்டது, இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் உண்டா என்று கேட்பார்கள். உண்டு. அவர்களுக்கு ஓரகத்தி வாய்த்திருக்க மாட்டாள்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில் பூம்பாறை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். நான் மூத்தவர் மனைவி. பிறகு வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது, காடும் பிரிந்தது. மலைச்சரிவில் படிபடியாக வெட்டிக் கல்லடுக்கிக் கட்டிய பூண்டுக் காடு. மேல்படிகள் அவர்களுக்கு, கீழ்படிகள் எங்களுக்கு. காலை வெயில் முதலில் விழுவது அவள் பூண்டில். தண்ணீர் முதலில் பாய்வதும் அவள் பூண்டில். அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேரும் நடுச்சுவரும்தான். என் மகன் கொடைக்கானலில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறான். சீசன் வந்தால் தாய் இருப்பது அவனுக்கு மறந்துபோகும். அவள் மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தினம் ராத்திரி வீடியோவில் வந்து, "அம்மா, கண்ணு எப்படி இருக்கு, சாப்பிட்டியா, மருந்து விட்டியா" என்று கேட்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டையர் ஆனவள், பத்தாவது பாஸ். அவள் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் பாருங்கள், யாரைத் தேடி வீடியோ வருகிறது என்று.

முதல் ஊசி போட்டுக்கொண்டு அவள் வந்து இறங்கினதிலிருந்து ஊரே அவள் வாசலில்தான். அவள் வாசலுக்குப் போக என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். மேகம் இறங்கி எதிர்வீடு தெரியாமல் கிடக்கிற பூம்பாறையில், அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குள் ஊசியா, வலிக்காதா, ஊசி வருவது தெரியாதா என்று ஒவ்வொருவரும் கேட்க, ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொன்னாள். திரும்பிப் போகும்போது என்னையும் ஒரு பேச்சுக்கு விசாரிப்பார்கள்.

"ஒங்களுக்கும் கண்ணுல என்னமோன்னு சொன்னாக?"

"எனக்கு உலர் வகை. அதுக்கு மருந்தே கெடையாது."

"அப்ப ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

மருந்தே இல்லாத வியாதி பெரிய வியாதியா, மருந்து இருக்கிற வியாதி பெரிய வியாதியா? இந்த நியாயத்தை ஊரில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குக் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். நானேதான் சாப்பிட்டேன்.

மாதாமாதம் மலையிறங்கி மதுரை போய்வருவது அவளுக்குச் சோர்வாகத்தான் இருந்தது. பெருமாள்மலை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வத்தலக்குண்டு வரைக்கும் போவாள். ஊசியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் உடனே கசிவு திரும்பிவந்தது. அப்போதுதான் அந்த டாக்டர் ஒரு புது வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். கண்ணுக்குக் கதிர்வீச்சு. அந்த மெஷின் எல்லா ஊரிலும் கிடையாது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தது. அடிக்கடி ஊசி தேவைப்படுகிறவர்களில் பொருத்தமானவர்களைத்தான் எடுப்பார்களாம். மகள் அலையாய் அலைந்து, கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, அம்மாவை அழைத்துப் போனாள்.

எங்கள் பக்கம் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை. கரண்டு வைக்கிறது என்றுதான் சொல்வோம். புற்றுநோய்க்காரர்களுக்கு வைப்பார்களே, அது. அதனால் அவளுக்குப் புற்றுநோய் என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. நான் கிளப்பவில்லை. ஆனால் என்னிடம் கேட்டவர்களிடம், "எனக்கென்ன தெரியும்?" என்றுதான் சொன்னேன்.

அவள் திரும்பி வந்து அந்தப் பேச்சை ஒரே நாளில் அடக்கினாள். கரண்டு வைத்த கதையை அவள் சொல்லி நான் சுவர் வழியாகக் கேட்டது கணக்கில்லை. எனக்கே மனப்பாடம். மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். மோவாயை வைத்து, நெற்றியை ஒட்டி, தலை அசையாமல் பட்டை போட்டார்கள். கண் மரத்துப்போக மருந்து விட்டு, ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்றைக் கருவிழிமேல் உறிஞ்சிப் பிடிக்கிற மாதிரி ஒட்டினார்கள். கண் அசைந்தால் மெஷின் தானே நின்றுவிடுமாம். எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"மூணு பக்கத்துலேருந்து கதிர் வந்து பின்னாடி ஒரே எடத்துல சேருமாம். ஒண்ணும் தெரியல. சுடல, வலிக்கல. ஒரு காப்பித்தண்ணி ஆத்திக் குடிக்கிற நேரந்தான். கதவத் தொறந்து, முடிஞ்சிருச்சும்மான்னாக" என்பாள்.

"இப்ப எப்படித் தெரியுது?" என்று கேட்பார்கள்.

"நல்லாத் தெரியுது" என்பாள்.

அந்த 'நல்லாத் தெரியுது' என் காதில் விழும்போதெல்லாம் வயிறு எரியும். தலையில் பட்டை போட்டதற்குக்கூட நான் பொறாமைப்பட்டேன். ஒருத்தி கண் அசையாமல் இருக்க இத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள். என் கண் எப்படி அசைந்தாலும் கேட்பாரில்லை. ஊசியும் முன்பு மாதிரி மாதாமாதம் வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் வேண்டாம்னுட்டாரு" என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். நோயாளிக்கு உரிய கவனிப்பும் அவளுக்கு, நோய் அடங்கின சந்தோஷமும் அவளுக்கு.

நான் மட்டும் அடுக்களைக் கதவில் ஒட்டிய கட்டத் தாளுக்கு முன்னால் தினம் காலையில் நின்றேன். வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் பார்ப்பேன். ஒரு கோடாவது வளையாதா என்று பார்ப்பேன். வளைந்தால் எனக்கும் ஈரம். ஈரம் என்றால் ஊசி, ஆரஞ்சுப் பழம், கரண்டு. கோடுகள் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக நின்றன. எத்தனையோ நாள் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் அதற்கு மேலேயே தினசரி நாள்காட்டியை மாட்டிவிட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால், காட்டில் நின்றுகொண்டிருந்தபோது அதைப் பார்த்தேன். அவளுடைய கடைசிப் படியும் என்னுடைய முதல் படியும் சேர்கிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கல்கட்டு உண்டு. அதன் நடுவில் கல் வரிசை முன்பக்கமாகப் புடைத்திருந்தது. படிக்காட்டில் இதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. உள்ளே தண்ணீர் தேங்கிக் கல்லைத் தள்ளுகிறது என்று அர்த்தம். ஒரு பெருமழை போதும், கட்டு சரிந்து, மேல்காட்டு மண்ணெல்லாம் கீழ்காட்டுப் பூண்டின் மேல் வந்து விழும். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு காட்டுக்கு நடுவே நிற்கிற கட்டு புடைத்தால் மேல்காட்டுக்காரர்தான் ஆள் விட்டுப் பிரித்துக் கட்டித் தர வேண்டும். வடிகாலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாத குற்றம் அவருடையது.

எனக்கு அன்றைக்கு வந்த உற்சாகத்தைச் சொல்ல முடியாது. கரண்டு வைக்கப் போனாள், கண்ணாடி போட்டு உட்கார்ந்தாள், வடிகாலைக் கவனித்தாளா? நேராக அவள் வாசலில் போய் நின்றேன்.

"இந்தா பாரு, ஒன் வடிகாலு அடைச்சுக் கெடக்கு. கட்டு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. மழைக்கு முன்னாடி வெரசா ஆள் விட்டுக் கட்டிக் குடு."

என் குரல் வந்த பக்கம் அவள் முகத்தைத் திருப்பினாள். "வடிகாலெல்லாம் போன வாரந்தான்க்கா வெட்டிவிட்டேன். கட்டையும் மேலேருந்து தடவிப் பாத்தேன். நேராத்தான இருக்கு?"

"தடவிப் பாத்தியா? கண்ணால பாத்தவ சொல்றேன், தடவிப் பாத்தவ எதுத்துப் பேசுறியா?" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகு அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. ஆனால் வந்ததை விழுங்க முடியுமா? விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் சொன்னேன், மளிகைக் கடையில் சொன்னேன். இரண்டு மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, "கட்டு நல்லாத்தானங்க நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. ஊரே அவள் பக்கம். கறுப்புக் கண்ணாடிக்கு அவ்வளவு மதிப்பு. தினம் வெள்ளனே எழுந்து காப்பியைக்கூடக் குடிக்காமல் காட்டுக்குப் போய் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நாளுக்கு நாள் அதன் வயிறு பெருத்துக்கொண்டே போனது. ஏழு மாசக்காரி மாதிரி ஆயிற்று. எங்கள் அடுக்களை வாசக்கால்கூட அந்தச் சமயத்தில் லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. பழைய வீடு, போன மழைக்கு இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் அவள் பக்கத்துச் சுவர்தான் தள்ளுகிறது என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது.

கடைசியில் அவள் இறங்கி வந்தாள். "சண்ட வேணாம்க்கா. ஆள் விடுறேன். நூல் பிடிச்சுப் பாக்கட்டும். புடைச்சிருந்தா பிரிச்சுக் கட்டித் தர்றேன்" என்றாள். பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்கட்டுக்காரர் ஒருவரை வரவழைத்தாள். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துக்காரர். அவர் கட்டின் இரண்டு முனையிலும் முளை அடித்து நூல் கட்டினார். அவள் மேலே தன் காட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் நூல் ஓரமாகவே நடந்து போய்த் திரும்பி வந்தார். "நேராத்தானுங்கம்மா நிக்குது. நூலுக்கும் கல்லுக்கும் விரல் நொழைய எடமில்ல."

"நூலே வளைஞ்சு கெடக்கு, இதுல நேரா நிக்குதுங்கிற. இழுத்துக் கட்டுய்யா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இழுத்துக் கட்டினார். நடுவில் நூல் இன்னும் பிதுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் இழு."

இழுத்தார். நூல் அறுந்தது.

"அக்கா" என்று மேலிருந்து அவள் கூப்பிட்டாள். "என்ன சொன்ன? எது வளைஞ்சு கெடக்கு?"

"நூலு. ஒன் ஆளுக்கு நூல் கட்டத் தெரியல."

அவள் படிக்கல்லில் உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கி வந்தாள். ஒரு காலத்தில் தலையில் பூண்டு மூட்டையோடு அந்தப் படிகளில் ஓடி இறங்கினவள். என் பக்கத்தில் வந்து தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டு, அவரிடம், "அண்ணே, வேற நூலு கட்டுங்க" என்றாள். கட்டினார். அவள் உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினாள். கையில் பூண்டு வாசம்.

"இப்பப் பாரு. நூலு எப்படி இருக்கு?"

"மங்கலா இருக்கு."

"நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?"

"நேரா இருக்கு."

கையை எடுத்து வலது கண்ணைப் பொத்தினாள். இடது கண்ணால் பார்த்தேன். என்னுடைய நல்ல கண். நூல் நடுவில் வளைந்து பிதுங்கியது. அதன் பின்னால் கட்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"வளைஞ்சிருக்கு" என்றேன்.

"எத்தன நாளாக்கா?"

"ஒன் வடிகாலு அடைச்சதுலேருந்து."

"வடிகாலு அடைக்கவே இல்லக்கா" என்று சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு மொதல்ல ரோடுதான் வளைஞ்சுச்சு. நம்ம ரோடு வளைஞ்ச ரோடுதானன்னு விட்டுட்டேன். அப்படித்தான் எடது கண்ணு போச்சு."

முதலில் எனக்கு வந்தது பயம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது சந்தோஷம். எனக்கும் வந்துவிட்டது. நான் உலர் இல்லை இனிமேல். ஊரிலே போய்ச் சொல்லலாம், ஒண்ணுமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை, ஆனால் வந்தது உண்மை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகமும் இடது கண்ணில் கோணிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். அப்போதுதான் பயம் வந்தது. உள்ளங்கால் வரைக்கும் வந்தது.

அதற்குள் அவள் தன் மகளுக்குப் போன் போட்டாள். மகள் அங்கிருந்தே மதுரைக்குப் பேசினாள். ஓரகத்தியே என் மகனுக்கும் போன் போட்டு, "ஏலே, சவாரி எல்லாம் அப்புறம். விடியறதுக்கு முன்னாடி வண்டியோட வந்து நிக்கணும். ஒங்கம்மாவுக்குக் கண்ணு போகுது" என்றாள். நான் பெற்ற பிள்ளையை நான் அப்படி அதட்டியதில்லை. அவன் ராத்திரியே வந்துவிட்டான். "சித்தி சொன்னா தட்ட முடியுமா" என்றான். அதுவும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

மலையிறங்கும்போது அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கூட வர வேண்டியதில்லை, நானும் கூப்பிடவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "எனக்கும் செக்கப் இருக்குக்கா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மனசைத் தேற்றிக்கொள்கிற மாதிரி நான் கேட்டேன்.

"எனக்கும் மெட்ராசுல கரண்டு வைப்பாகள்ல?"

"வாய மூடிக்கிட்டு வாக்கா" என்றாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எப்பலேருந்து கோடு வளையுது?" என்று கேட்டார். "தினம் கட்டத்தைப் பாக்கச் சொன்னேனே, பாக்கலையா?" என்றார். நாள்காட்டியை மாட்டி மறைத்த கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? அவள்தான் பதில் சொன்னாள்.

"கல்கட்டப் பாத்துக்கிட்டு இருந்துச்சு டாக்டர். கட்டு சரியுதுன்னு நெனச்சிருச்சு. எங்க பக்கம் கட்டு சரியறது பெரிய பயம்."

டாக்டருக்குப் புரிந்ததோ என்னவோ, ஒரு பெருமூச்சு விட்டார். உலர் ஈரமாக மாறிவிட்டது, கசிந்துகொண்டிருக்கிறது என்றார். வளைய ஆரம்பித்த வாரமே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இப்போது ஓரிடத்தில் தழும்பு விழுந்திருக்கிறது. அது திரும்பாது. மிச்சத்தை நிறுத்திவைக்கப் பார்க்கலாம், இன்றைக்கே ஊசி என்றார்.

"கரண்டு?" என்றேன்.

"கதிர்வீச்சா? அது எல்லாருக்கும் இல்லம்மா. உங்க கண்ணு ஊசிக்கு எப்படிக் கேக்குதுன்னு பாப்போம். தேவைப்பட்டா அப்புறம் யோசிக்கலாம்."

பிறகு அவள் படத்தைப் பார்த்தார். "உங்களுக்கு நல்லா அடங்கி இருக்கு. இந்தத் தடவையும் ஊசி வேண்டாம்" என்றார். கேட்டீர்களா? என் கண்ணில் ஊசி போடப்போகிற நாளில்கூட, நல்ல சேதி அவளுக்குத்தான். என் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் மறுபடியும் கிளம்பியது. கண் போகிற நேரத்திலும் அது மட்டும் போகவில்லை.

ஊசியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவள் சொல்லிச் சொல்லி நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. முகத்தில் துணி போட்டு மூடினார்கள், மரத்துப்போக மருந்து விட்டார்கள், மேலே பார் என்றார்கள், ஓர் அழுத்தம். முடிந்ததும் இடது கண்ணின் மேல் பஞ்சு வைத்து ஒட்டி, கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் மகன் மருந்து வாங்கப் போயிருந்தான்.

இடது கண் மூடியிருக்க, எனக்கு மிச்சம் இருந்தது தேய்ந்துபோன வலது கண் மட்டும்தான். நல்ல கண் பக்கத்தில் இருந்தவரை இதன் லட்சணம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அவள் எதிரில் வந்து நின்றாள். சேலைக் கரை தெரிந்தது. காதுத் தோடு தெரிந்தது. நரைத்த வகிடு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு மாதிரி ஒரு மங்கல்தான் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன். போகவில்லை. இடது கண்ணும் இப்படி ஆகிவிட்டால் இனிமேல் எனக்கு எல்லா முகமும் இதுதான்.

"தெரியுதாக்கா?" என்று கேட்டாள்.

அவளிடம் போய்த் தோற்பதா? "நல்லாத் தெரியுது" என்றேன்.

அவள் சிரித்தாள். சத்தம்தான் கேட்டது, சிரிப்பு தெரியவில்லை. பெஞ்சைத் தடவிப் பார்த்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கரண்டு வச்சுட்டு வந்து நானும் எல்லார்ட்டயும் அதத்தான்க்கா சொன்னேன்."

"அப்ப ஒனக்கு?" என்றேன்.

"மூஞ்சி தெரியாதுக்கா. யாரு மூஞ்சியும். கொரல வச்சுத்தான் கண்டுபிடிக்கிறது. போன பார்வை வராதுன்னு மொதல்லயே சொல்லித்தான் வச்சாக. இருக்கிறது போகாம நிக்கத்தான் கரண்டு. நிக்குது. ஆனா எம்மக அம்புட்டு அலைஞ்சிருக்கா. வீடியோவுல வந்து, அம்மா என்னத் தெரியுதான்னு ஆசையாக் கேக்குறா. தெரியலன்னு எப்படிச் சொல்றது? அவகிட்டச் சொன்னதையே ஊர்லயும் சொல்ல வேண்டியதாப் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒனக்கு ஒண்ணுமே பண்ண வேணாம்னு டாக்டர் சொன்னாரே, அன்னைக்கு எனக்கு வந்த வயித்தெரிச்சல் கொஞ்சமில்லக்கா" என்றாள்.

நடைவழியில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் முகம் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன், அவளும் விடவில்லை. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, அப்போதும் எனக்கு ஆறவில்லை. அவள் சொன்ன பொய்யை நான் மாசக்கணக்கில் நம்பி வயிறெரிந்திருக்கிறேன். நான் சொன்ன அதே பொய்யை அவள் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட நம்பவில்லை.